வாடிக்கை யாருடைய சொத்து?

ஹரித்வாரில் ரயிலைவிட்டு இறங்கிக் கங்கைப் பக்கம் நடக்கும் வட இந்தியக் குடும்பத்திடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்த ஊர்?" தில்லி, மும்பை என்று பதில் சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி வராது. அது சம்பளம் வாங்குகிற ஊர். அவருக்கு வேண்டியது பூர்வீகம். எந்த மாவட்டம், எந்தக் கிராமம், என்ன ஜாதி, என்ன குடும்பப் பெயர் என்ற நான்கும் தெரிந்துவிட்டால், வந்தவர்கள் எந்தப் பண்டாவைச் சேர்ந்தவர்கள் என்பது முடிவாகிவிடும். வந்தவர்களுக்கு அந்தப் பண்டாவை முன்பின் தெரிந்திருக்காது. அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். அது போதும்.

பண்டா எடுத்து வருவதற்கு பஹி என்று பெயர். புத்தகம் என்பதைவிடக் காகிதக் கட்டு என்பதே பொருந்தும். நீள நீளமான தாள்கள். சுருட்டித் துணியில் கட்டி வைக்கப்பட்டவை. அதைப் பிரித்து அவர் படிக்க ஆரம்பித்ததும், அஸ்தி கரைக்க வந்த இடத்தில் அவசரமாகக் காரியத்தை முடித்துக்கொண்டு கிளம்ப நினைத்தவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்திலிருந்து இன்ன வருஷம் இன்னார் தன் தகப்பனாரின் அஸ்தியோடு வந்தார், கூட வந்தவர்கள் இன்னின்னார், அவருக்கு இத்தனை பிள்ளைகள் என்று வரிசையாகப் போகிறது குறிப்பு. கீழே கையெழுத்து, எழுதத் தெரியாதவராக இருந்தால் கைநாட்டு. தாத்தாவின் கையெழுத்தை வாழ்க்கையில் முதல் முறையாக இங்கேதான் பார்த்தோம் என்று சொல்லுகிறவர்கள் அநேகம். படித்து முடித்ததும் பண்டா பேனாவை எடுக்கிறார். கடைசியாக வந்து போனதற்குப் பிறகு யார் இறந்தார்கள், யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யாருக்கு என்ன குழந்தை? எழுதி முடித்ததும் வந்தவர் கையெழுத்துப் போடுகிறார். பிறகு தட்சணை.

பழைய ஏடுகளில் ஆண்களின் வரிசையே முக்கியம். பெண்கள் பல இடங்களில் பெயரில்லாமலே போய்விட்டார்கள். எழுத்தும் எல்லாருக்கும் புரிவதில்லை. அப்படியும் இந்த ஏடுகளுக்கு மதிப்பு குறையவில்லை. சொத்துத் தகராறுகளில் யார் யாருக்கு வாரிசு என்று நிரூபிக்க இவை நீதிமன்றப் படியேறியிருக்கின்றன. 1947ல் எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு, நிலம், பத்திரம் எல்லாவற்றையும் விட்டு வந்த பஞ்சாபிக் குடும்பங்களுக்கு, முல்தானிலும் லாகூரிலும் தங்கள் முன்னோர் வாழ்ந்ததற்கு எஞ்சிய எழுத்துச் சாட்சி பல சமயம் ஹரித்வாரில்தான் இருந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் வம்சாவளிச் சங்கம் 1970களின் கடைசியில் இங்கே வந்து இந்த ஏடுகளை மைக்ரோஃபிலிம் எடுக்கத் தொடங்கியது.

பக்தி, பாரம்பரியம் என்பதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பஹி என்பது வாடிக்கையாளர் பேரேடு. தனிப்பட்ட சேவை ஒன்றை விற்கிறவர், இருபது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற வாடிக்கையாளரைத் தலைமுறை தலைமுறையாகத் தக்கவைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தீர்க்கமான ஏற்பாட்டை நிர்வாகவியல் கல்லூரிகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. முடிவெட்டுகிறவர் மாதம் ஒரு முறை ஆளைப் பார்க்கிறார், முகம் மறக்காது. பண்டாவுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் ஞாபகத்தைக் காகிதத்தில் ஏற்றிவைத்தார்.

காகிதத்தை நம்பி அவர் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. பூரியின் பண்டாக்கள் தங்கள் ஆட்களை நாடு முழுக்க அனுப்பினார்கள். அவர்கள் ஜகந்நாதரின் பிரசாதத்தோடு கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய குடும்பங்களைப் பார்த்து, யாத்திரைக்குக் கூட்டம் சேர்த்து, கூடவே நடந்து வந்து கோயில் வாசலில் ஒப்படைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் இவர்களை யாத்ரீகர் வேட்டைக்காரர்கள் என்று எரிச்சலோடு குறிப்பிட்டார்கள். பிரயாகையிலோ ஒவ்வொரு பண்டாவுக்கும் ஒரு கொடி, கொடியில் ஓர் அடையாளம். மாக மாத மேளாவின் ஜனசமுத்திரத்தில், படிக்கத் தெரியாத கிராமத்துக்காரர் தன் தகப்பன் சொல்லிக்கொடுத்த மீனையோ வேறு சின்னத்தையோ தேடி நடந்தால் சரியான பந்தலில் போய்ச் சேருவார். அங்கே கொடியை மாற்றுவதும் கடையைக் காலி செய்வதும் ஒன்றுதான்.

பண்டாக்களின் மேல் புகார்களுக்கும் பஞ்சமில்லை. நச்சரிப்பு, பேரம், துக்கத்தில் இருப்பவரிடம் தொகையை ஏற்றிச் சொல்வது எல்லாம் உண்டு. ஆனால் திட்டிக்கொண்டே போனவரின் மகனும் அதே பண்டாவிடம்தான் வந்து நிற்கிறார். காரணம் எளியது. குடும்பத்தின் காகிதம் வேறு யாரிடமும் இல்லை. இதை விசுவாசம் என்பதா, வேறு வழியில்லாமை என்பதா? வாடிக்கை என்கிற விஷயத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்போதுமே கஷ்டம்.

பண்டாவின் வாடிக்கையாளருக்கு ஹிந்தியில் ஜஜ்மான் என்று பெயர். யாகம் செய்விப்பவரைக் குறிக்கும் 'யஜமான' என்ற சமஸ்கிருதச் சொல்தான் அப்படித் தேய்ந்தது. அதே சொல் தமிழுக்கு வந்து எஜமான் ஆயிற்று. ஓர் ஊரில் வாடிக்கையாளர், இன்னோர் ஊரில் முதலாளி. மொழிபெயர்ப்பாளர்களைத் தடுக்கி விழவைக்கிற இந்தச் சொல்லுக்குள்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

வட இந்தியக் கிராமங்களில் ஜஜ்மான் என்பவர் புரோகிதருக்கு மட்டும் உரியவராக இருக்கவில்லை. நாவிதர், வண்ணார், தச்சர், குயவர் எல்லாருக்கும் தனித்தனி ஜஜ்மான்கள் உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து வில்லியம் வைசர் 1936ல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு, சமூகவியல் பாடங்களில் இதற்கு ஜஜ்மானி முறை என்ற பெயர் நிலைத்தது. ஒரு வீட்டுக்கு முடிவெட்டும் உரிமை ஒரு நாவிதர் குடும்பத்துக்கு. கூலி அன்றாடம் கிடையாது. அறுவடையில் தானியம், கல்யாணத்தில் துணிமணி. தமிழ்நாட்டிலும் களத்துமேட்டில் இதே மாதிரி நெல் அளந்தார்கள். அந்தப் பங்குக்குப் பழைய கிராமக் கணக்குகளில் 'சுதந்திரம்' என்று பெயர். பிற்பாடு தேசிய இயக்கம் வந்து அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டது.

இந்த உரிமை பரம்பரைச் சொத்து. அண்ணன் தம்பிகள் வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கடனுக்கு அடகு வைக்கலாம். சில இடங்களில் விற்கவும் செய்யலாம். தன் யஜமானர் வீட்டில் வேறொரு புரோகிதர் சடங்கு நடத்திவிட்டார் என்று பம்பாய் மாகாணத்தில் பரம்பரைப் புரோகிதர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நாவிதர் சரியாக வேலை செய்யவில்லை என்று ஜஜ்மான் வேறு ஆளைத் தேடினாலும், இன்னொருவர் வரத் துணிய மாட்டார். ஜாதிப் பஞ்சாயத்து சும்மா விடாது. வாடிக்கையாளரைப் பறிகொடுக்கும் பயமே இல்லாத தொழில் இது. இன்றைய பியூட்டி பார்லர் உரிமையாளர் கேட்டால் பெருமூச்சு விடுவார்.

அவர் பெருமூச்சு விடுவதற்கு முன் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வட மாநிலங்களில் உலர் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்த பெண்களுக்கும் இதே மாதிரி வீடுகள் 'சொந்தம்'. ஜாகிர் என்று பெயர். சக்கரவர்த்திகள் பிரபுக்களுக்கு வழங்கிய நிலத்துக்கு இருந்த அதே பெயர். மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்தது. காலையில் கூடையும் தகரமுமாகப் போனால் வீட்டுக்கு ஒன்றிரண்டு ரொட்டி, பழைய துணி, மாதத்துக்குச் சில ரூபாய். இன்னொரு பெண் குறுக்கே வரக்கூடாது என்பது உரிமை. அந்த வேலையைவிட்டு வெளியே போக முடியாது என்பது அதனுடன் ஒட்டி வந்த விலை. நகராட்சிகள் இந்தப் பணியைத் தாங்களே ஏற்க முனைந்தபோது குறுக்கே நின்ற தடைகளில் ஒன்று இந்த 'வழக்கப்படியான உரிமை'. அதை ஒழிப்பது எப்படி என்று ஆராய மத்திய அரசு 1965ல் என். ஆர். மல்கானி தலைமையில் ஒரு குழுவையே அமைக்க வேண்டியிருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993ல் வந்தது; அது போதாமல் 2013ல் இன்னொன்று. நிரந்தர வாடிக்கை இருந்தும் வாழ்க்கை விடியாத பெண்களின் கதை இது. வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகங்களில் இதற்கு இடம் கிடையாது.

நகரத்துக்கு வந்ததும் முடிச்சு அவிழ்ந்தது. யாரும் யாரிடமும் முடிவெட்டிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போகலாம். நாவிதரும் வேண்டாத வீட்டுக்கு வர மறுக்கலாம். பெரிய விடுதலை. அதோடு ஒரு புதுக் கேள்வியும் பிறந்தது. வாடிக்கையாளர் திரும்ப வருவது எதைத் தேடி? இடத்தையா, கையையா?

இங்கிலாந்தின் நீதிபதி எல்டன் பிரபு 1810ல் இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறார். ஒரு வியாபாரத்தின் நற்பெயர் மதிப்பு, அதாவது குட்வில், என்பது பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வருவார்கள் என்ற சாத்தியத்துக்கு மேல் ஒன்றும் இல்லை என்பது அவர் கருத்து. சரக்கு ஏற்றிப் போகும் வண்டித் தொழில் பற்றிய வழக்கு அது. வண்டிக்குப் பொருந்தலாம். தலைமுடிக்குப் பொருந்தாது. பார்லரில் நாற்காலி எங்கே இருக்கிறது என்பதைவிட அதன் பின்னால் நிற்பவர் யார் என்பதுதான் முக்கியம். இந்தத் தலையில் எந்தப் பக்கம் சுழி, எந்தச் சாயம் போட்டால் காதோரம் அரிக்கும், புருவத்தில் பழைய தழும்பு எங்கே, எந்த விஷயத்தைப் பேசினால் இவருக்கு முகம் வாடும் என்பதெல்லாம் ஒரு கையில் சேர்ந்த அறிவு. அதைச் சேர்க்க ஏழெட்டு மாதம் ஆகும். சேர்ந்த பிறகு அடுத்த பார்லரில் பாதி விலை என்று எழுதிப் போட்டாலும் வாடிக்கையாளர் அசைவது அரிது.

அசைகிறவர்கள் விலையைப் பார்த்து வந்தவர்கள். பத்துத் தடவைக்குப் பணம் கட்டினால் பன்னிரண்டு தடவை என்று முன்பணம் வாங்கும் பேக்கேஜ்களின் பலவீனம் இதுதான். கட்டிய பணம் தீரும்வரை ஆள் வருவார். அதற்குப் பிறகும் வந்தால், அதன் பெருமை பேக்கேஜைச் சேராது. பணம் வாங்கிக்கொண்ட பார்லர் நடுவில் மூடிவிட்டால் வாடிக்கையாளருக்கு மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் அட்டை. தள்ளுபடியால் வாங்கிய விசுவாசத்தை இன்னும் பெரிய தள்ளுபடி கொண்டுபோய்விடும் என்பது கடை வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். தெரிந்தே செய்கிறார்கள், மாத வாடகைக்கு முன்பணம் உதவுகிறது.

உரிமையாளர்களின் உண்மையான பயம் வேறு. நன்றாக வேலை செய்யும் பெண் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவில் தனியாகத் தொடங்கினால், அவர் பின்னாலேயே வாடிக்கையாளர்களும் போவார்கள். இதைத் தடுக்க என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். ஒரே வாடிக்கையாளரை ஒரே பெண்ணிடம் விடாமல் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். தொலைபேசி எண்ணைக் கல்லாவில் மட்டும் வாங்குகிறார்கள். வேலையை விட்டால் இத்தனை வருஷம், இத்தனை கிலோமீட்டருக்குள் இதே தொழில் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்குகிறார்கள். முதல் வழியில் சேவை கெடுகிறது. கடைசி வழியில் காகிதம்தான் வீண்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் வருஷத்தியது. அதன் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. தொழிலை அதன் குட்வில்லோடு விற்றவர் விஷயம் மட்டும் விதிவிலக்கு. வேலையில் இருக்கும்போது போட்டியாளருக்கு உழைக்காதே என்று கட்டுப்படுத்தலாம். வேலையை விட்ட பிறகு கட்டுப்படுத்த முடியாது என்பது 1967, 1980 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் ஏறக்குறைய நிலைத்துவிட்ட நிலை. சிறிய பார்லர் உரிமையாளர்களில் பலருக்கு இது தெரியாது. அவர்களிடம் கையெழுத்துப் போட்ட பெண்களில் யாருக்குமே தெரியாது என்று சொல்லிவிடலாம். அந்தக் காகிதம் வேலை செய்வது பயத்தின் மூலமாகத்தான்.

பட்டியலின் கதை வேறு. தபால் வழி வியாபாரம் செய்த ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகவரிகளை, வேலையை விட்ட ஊழியர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். 1995ல் தில்லி உயர் நீதிமன்றம், பாடுபட்டுத் தொகுத்த அந்தப் பட்டியல் காப்புரிமை உள்ள படைப்பு என்று சொல்லி அவரைத் தடுத்தது. டெலிபோன் டைரக்டரிக்கும் இலக்கிய அந்தஸ்து வந்துவிட்டதா என்று தமிழ் படித்தவர்கள் திகைக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது அப்படித்தான். 2006ல் அதே நீதிமன்றத்துக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வந்தது. பணக்கார வாடிக்கையாளர்களின் கணக்குகளைக் கவனித்துவந்த ஓர் அதிகாரி வேறு வங்கிக்குப் போகிறார், வாடிக்கையாளர்களையும் இழுத்துக்கொண்டு போகிறார் என்பது புகார். அவர் மேல் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வங்கியின் ரகசியம் ஆகிவிடாது. ஊழியர் நல்ல வேலை தேடிப் போகும் உரிமையை இந்தக் காரணம் காட்டி மறிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கிடைப்பது இது: தொகுத்த பட்டியல் கடைக்குச் சொந்தமாகலாம், பழக்கம் அப்படி ஆவதில்லை.

இவ்வளவு தூரம் வந்த பிறகு கைபேசிச் செயலி வந்தது. நீதிமன்றம் தர மறுத்ததை மென்பொருள் தந்துவிட்டது.

வீட்டுக்கே வந்து முகப்பூச்சு, முடிதிருத்தம், குழாய் ரிப்பேர் செய்யும் ஆட்களை அனுப்பும் நிறுவனங்களில் பெரியது அர்பன் கம்பெனி. 2014ல் அர்பன்கிளாப் என்ற பெயரில் தொடங்கியது. 2020ல் பெயர் மாறியது. 2025 செப்டம்பரில் பங்குச் சந்தையில் ஏறியது. இந்த மாதிரிச் செயலிகளில் வாடிக்கையாளரின் எண் வேலைக்கு வருகிறவர் கண்ணில் படாமல் மறைக்கப்படுகிறது. பேச வேண்டுமானால் செயலியின் வழியாகத்தான். அடுத்த முறை நேரடியாகக் கூப்பிடுங்கள், நூறு ரூபாய் குறைவு என்று சொன்னது தெரிந்தால் பதிவு முடங்கும். இந்தத் தொழிலில் இதற்கு 'லீக்கேஜ்' என்று பெயர். தண்ணீர்த் தொட்டிக்கு ஒழுகல் எப்படியோ அப்படி வாடிக்கையாளரும் ஒழுகுகிறார். தொட்டி யாருடையது என்பதில் நிறுவனங்களுக்குச் சந்தேகமே இல்லை.

அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்பின் தெரியாத வீட்டுக்குள் தனியாகப் போகும் பெண்ணுக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்பது இன்னோர் இடத்தில் பதிவாகியிருப்பது சாதாரண விஷயம் அல்ல. வீட்டுக்காரருக்கும் வருகிறவர் யார் என்று சரிபார்த்து அனுப்பிய ஒருவர் வேண்டும். விளம்பரம், பயிற்சி, ஏதாவது நடந்தால் பதில் சொல்லும் பொறுப்பு எல்லாம் நிறுவனத்தின் செலவு. முன்னே தெருக்கோடி பார்லரில் மாதச் சம்பளத்துக்கு நின்ற பெண்களில் பலர் செயலியில் அதைவிட அதிகம் சம்பாதித்தார்கள். அதனால்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

சேர்ந்தவர்கள்தான் 2021 அக்டோபரில் குருகிராம் அலுவலகத்தின் முன்னால் கூடினார்கள். அதிகக் கமிஷன், கட்டாயமாக வாங்க வேண்டிய பொருள்களின் விலை, அபராதங்கள் என்று புகார்கள். கமிஷனைக் குறைப்பது உள்ளிட்ட சில மாற்றங்களை நிறுவனம் அறிவித்தது. டிசம்பரில் புதிய திட்டம் ஒன்றை எதிர்த்து மறுபடி கூடியபோது, நிறுவனம் அந்தப் பெண்கள் மேல் தடை கேட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2023ல் பல நகரங்களில் மறுபடியும் போராட்டம். இந்த முறை காரணம் பதிவு முடக்கம். வாடிக்கையாளர்கள் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு 4.7க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்று போராடியவர்கள் சொன்னார்கள். ஐந்துக்கு நான்கு என்பது பள்ளிக்கூடத்தில் 80 சதவீதம், முதல் வகுப்பு. நன்றாகத்தான் இருந்தது என்று நினைத்து நான்கு நட்சத்திரத்தைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகும் வீட்டுக்காரருக்கு, தான் ஒருவர் பிழைப்பில் கைவைத்தது தெரியாது.

கமிஷன் சண்டை கண்ணுக்குத் தெரிகிற சண்டை. கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்று அதற்கு அடியில் இருக்கிறது. நான்கு வருஷம் ஒரே நகரத்தில் வீடு வீடாகப் போய் வேலை செய்த பெண்ணுக்கு, தன்னையே மறுபடி மறுபடி கேட்டு அழைத்த வீடுகள் எத்தனையோ இருக்கும். பதிவு முடங்கிய அன்று அவரிடம் என்ன மிஞ்சுகிறது? எண்கள் கிடையாது. மதிப்பெண்ணையும் அடுத்த செயலிக்கு எடுத்துப் போக முடியாது. அங்கே அவர் புது ஆள். அந்த வீடுகளோ திரும்ப வரும் வாடிக்கையாளர்கள் என்ற கணக்கில் நிறுவனத்தின் பலமாகப் பங்குச் சந்தையில் விலை போகின்றன. கிராமத்து நாவிதரிடம் ஜாதி கட்டிய கயிறு இருந்தது, கூடவே வீடும் இருந்தது. இந்தப் பெண்ணிடம் இருப்பது கயிறு மட்டும்.

இதில் வாடிக்கையாளரை யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய எண் அவருடையது. போன தடவை வந்தவரே வந்தால் தேவலை என்று அவர் நினைத்தால், அந்தப் பெண் அந்த நேரத்தில் செயலியில் இருக்க வேண்டும், இன்னும் முடக்கப்படாமலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் எங்கே போனார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட வழியில்லை. ஜஜ்மானுக்கு நாவிதரை மாற்றும் உரிமை இல்லாமல் இருந்தது. இவருக்கு மாற்றாமல் இருக்கும் உரிமை இல்லை.

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், முடியும் என்பதற்கு மும்பையின் டப்பாவாலாக்கள் ஒரு சாட்சி. 1890ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்தத் தொழிலில் ஆட்கள் சிறு சிறு குழுக்களாக, ஒரு முகாதமின் கீழ் இயங்குகிறார்கள். குழுவின் வரும்படி அதன் உறுப்பினர்களுக்கு. வீட்டு வாசலில் டப்பாவை வாங்குவது ஒரே ஆள். வருஷக்கணக்கில் அதே முகம். அவருக்குக் காய்ச்சல் என்றால் குழுவில் இன்னொருவர் வருகிறார், குணமானதும் வாடிக்கை அவரிடமே திரும்புகிறது. தனியாளாகத் தொழில் செய்பவரின் மிகப் பெரிய பயம் இந்தக் காய்ச்சல் நாள்தான். அவர் வராத அன்று வந்தவரை வாடிக்கையாளருக்குப் பிடித்துப் போய்விட்டால்? டப்பாவாலாக்கள் அந்தப் பயத்தைப் பங்கு போட்டுக் கரைத்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் புறநகர் ரயில்கள் நின்றபோது, பின்னர் அலுவலகங்களே வீட்டுக்குப் போனபோது அவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அது வாடிக்கையாளர் கைவிட்டதால் வந்த சரிவு இல்லை.

இன்னொரு சாட்சி எல்லார் வீட்டுக்கும் டைரியும் காலண்டருமாக வந்து போகிறவர். எல்.ஐ.சி. முகவர். பாலிசி நிறுவனத்தினுடையது, பணம் நிறுவனத்தினுடையது, பாலிசிதாரரின் பெயர் நிறுவனத்தின் ஏட்டில். இருந்தும் அந்தக் குடும்பத்தைக் கொண்டுவந்தவர் என்ற முறையில், பிரீமியம் கட்டப்படும் ஒவ்வொரு வருஷமும் முகவருக்கு ஒரு சிறு பங்கு போகிறது. குறிப்பிட்ட ஆண்டுகள் பணிபுரிந்தவர் இறந்துவிட்டால் அந்தப் பங்கு அவருடைய வாரிசுக்குப் போகிறது. பெண்ணின் கல்யாணம், பேரனின் பிறந்தநாள் என்று அவர் ஞாபகம் வைத்துக்கொண்டு வருவது வெறும் நல்ல குணத்தால் மட்டும் அல்ல. அந்த ஞாபகத்துக்கு வருஷா வருஷம் ஒரு விலை உண்டு. முதல் வருஷக் கமிஷன் மிக அதிகமாக இருப்பதால், வேண்டாத பாலிசியைத் தலையில் கட்டும் முகவர்களும் உண்டு என்பது வேறு விஷயம். அது முதல் வருஷக் கமிஷனின் கோளாறு.

எந்த வீடு எந்தப் பெண்ணை எத்தனை முறை திரும்பக் கேட்டது என்பது செயலி நடத்தும் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு இந்த நிமிஷமே தெரியும். மூன்றாவது முறை தன்னையே கேட்டு வந்த அழைப்புக்குக் கமிஷனைக் குறைத்துக்கொள்வதோ, பதிவு முடங்கினாலும் அவர் சேர்த்த வாடிக்கைக்குச் சில காலம் பங்கு தருவதோ கணக்குப் போட முடியாத காரியம் அல்ல. வாடிக்கையாளர் சம்மதித்தால் அவர் எண்ணைக் கொடுத்தனுப்புவதும்தான். லீக்கேஜ் என்று பயப்படுவதற்குப் பதிலாக அதற்கு ஒரு விலையை நிர்ணயித்து வாங்கிக்கொள்ளலாம்.

செயலி வழித் தொழிலாளர்களுக்கென்று முதலில் தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் ராஜஸ்தான், 2023ல். கர்நாடகச் சட்டம் 2025ல் வந்தது. தொழிலாளர் பதிவு, நலநிதி, நிறுவனங்கள் அதற்குக் கட்ட வேண்டிய தொகை, குறைகேட்கும் ஏற்பாடு எல்லாம் இவற்றில் இருக்கின்றன. ராஜஸ்தான் சட்டம் தொழிலாளிக்கு ஓர் அடையாள எண்ணும் தருகிறது; எந்தச் செயலிக்கு மாறினாலும் அது அவருடையது. அவர் சேர்த்த வாடிக்கையைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை.